இறுகிப்போன பிரேக்கும் பாஸ்கல் விதியும்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

வண்டி வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, எவ்வளவு வேகம் போகும் என்பதைத்தான். எப்படி நிற்கும் என்று கேட்பவர் அரிது. நானும் அப்படித்தான் இருந்தேன், சென்ற மார்கழி வரை.

எங்களுடையது 2011-ஆம் ஆண்டு மாருதி ஆம்னி வேன். 1984-இல் வந்து 2019-இல் உற்பத்தி நின்றுபோன வகை. அப்பா அதில் காய்கறி ஏற்றி உழவர் சந்தைக்குப் போவார். என் கல்லூரிக் கட்டணம் வருவதும் அந்த வேனிலிருந்துதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஐப்பசியில் அப்பாவுக்குக் கால் முறிந்தது. ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே வேன் வேப்பமரத்தடியில் இரண்டு மாத மழையில் நின்றது. பிறகு நான் ஓட்ட முயன்றபோது எஞ்சின் உறுமியது; இடது பின்சக்கரம் மட்டும் சுழலாமல் சேற்றில் கோடு கிழித்தது.

பார்க்க வந்த மெக்கானிக் ஒருவர், "அந்தச் சக்கரத்து ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆயில் குழாயை அடைத்துவிடலாம். மூன்று பிரேக் போதும்" என்றார். அப்பா கட்டிலிலிருந்தே, "சந்தைக்குப் போற வழியில இறக்கம் இருக்குப்பா, வேணாம்" என்றார். அப்பா சொல்லச் சொல்ல நானே பிரிப்பது என்று முடிவாயிற்று.

பின்சக்கரப் பிரேக்கின் அமைப்பைச் சற்றுக் காண்போம். சக்கரத்தோடு சுழல்வது வார்ப்பிரும்பு டிரம். அதனுள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் அசையாத தகட்டில் பொருந்தியிருக்கும். 1902-இல் பிரான்சின் லூயி ரெனோ இத்தகைய டிரம் பிரேக்கை அமைத்தார். நாம் பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலில் உண்டாகும் அழுத்தம் குழாய் வழியே சென்று, வீல் சிலிண்டரின் இரு பிஸ்டன்களையும் வெளியே தள்ளும். அவை ஷூக்களை டிரம்மோடு அழுத்தும். முதலாண்டில் நாம் மனப்பாடம் செய்தோமே, மூடிய நீர்மத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எங்கும் பரவும் என்ற பாஸ்கல் விதி, அதுவே இது. இன்னொரு நயமும் உண்டு. முன்புற ஷூவைச் சுழலும் டிரம்மே தன்னோடு இழுத்துக்கொள்வதால் பிடி தானாக வலுக்கிறது. காலை எடுத்ததும் ஷூக்களைப் பின்னுக்கு இழுப்பவை சுருள்வில்கள். ஹேண்ட் பிரேக்குக்கு ஆயில் இல்லை. கம்பி வடம் ஒன்று ஷூவை நேரே தள்ளுகிறது.

இனி வேலைக்கு வருவோம். வீல் நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கல் வைப்பது கட்டாயம். ஆம்னியில் எஞ்சின் பின்சக்கரங்களைச் சுழற்றுவது. ஒரு பின்சக்கரம் மேலே போய்விட்டால் டிஃபரென்ஷியல் காரணமாகக் கியரில் போட்டாலும் வண்டி பிடிக்காது. ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக்கூடாது. அச்சுக்கு அடியில் வேலமரக் கட்டை கொடுத்தோம். செங்கல் நொறுங்கிவிடும்.

சக்கரத்தைக் கழற்றியும் டிரம் அசையவில்லை. மழை ஈரத்தில் டிரம்மின் உட்புறம் துருவேறி லைனிங்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நடு வளையத்தில் துருவிளக்கும் எண்ணெய் சிறிது விட்டு, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, சுற்றிலும் கொட்டாப்புளியால் தட்டினேன். (இரும்புச் சம்மட்டியால் விளிம்பில் அடித்தால் வார்ப்பிரும்பு விண்டுவிடும்.) ஹேண்ட் பிரேக் வடத்தையும் தளர்த்தினேன். டிரம்மின் முகத்தில் மறையிட்ட இரு துளைகள் உண்டு. அவற்றில் போல்ட்டுகளை மாறி மாறிக் கால் சுற்றாக முறுக்க, மாலை ஐந்து மணிக்கு 'டக்'கென்று விட்டது. அந்த ஓசையை நான் மறக்க மாட்டேன்.

உள்ளே ஒரே கறுப்புத் தூள். அதை வாயால் ஊதக்கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம், அது நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தோம். கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். என்றாலும் சுருள்வில் எது எங்கே என்று குழம்பியபோது உதவியது வலது சக்கரம்தான். ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். ஆகவே இரண்டையும் ஒரே சமயத்தில் பிரிக்காதீர்கள்.

குற்றவாளிகள் இருவர். ஹேண்ட் பிரேக் வடம் தன் உறைக்குள் துருவேறி, கைப்பிடியை இறக்கினாலும் திரும்பாமல் இருந்தது. வீல் சிலிண்டரில் ஒரு பிஸ்டன் இறுகியிருந்தது. சிலிண்டருக்குள் துரு வந்தது எப்படி? பிரேக் ஆயில் உண்மையில் எண்ணெய் அன்று. கிளைக்கால் வகைச் சேர்மம். காற்றின் ஈரத்தை அது உறிஞ்சும். டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கலாம். இறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது சூட்டில் அது ஆவியானால் பெடல் வெறுமனே கீழே போகும். இதனால்தான் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். எஞ்சின் ஆயிலையோ மண்ணெண்ணெயையோ அங்கே பயன்படுத்தினால் ரப்பர் வாஷர்கள் உப்பிக் கெட்டுவிடும்.

சிலிண்டரின் உட்சுவரில் குழி விழுந்திருந்ததால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில் பயனில்லை; புதிது வாங்கினோம். வடமும் புதிது. ஷூக்களை இருபுறமும் சேர்த்தே மாற்றினோம். ஒருபுறம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

கடைசி வேலை காற்று எடுப்பது. நீர்மம் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் ஒரு குமிழி இருந்தாலும் மிதிக்கும் விசை அதைச் சுருக்குவதிலேயே வீணாகும். இதற்கு இருவர் வேண்டும். அம்மா முதன்முறையாக ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்தார்கள். "மிதிம்மா" என்றதும் மிதித்தார்கள். நான் நிப்பிளைத் திறந்து, குமிழியோடு வரும் ஆயிலைக் கண்ணாடிக் குழாய் வழியே பாட்டிலில் பிடித்து, மூடியபின் "விடும்மா" என்றேன். மூடுமுன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போகும். அம்மா ஒருமுறைகூடத் தவறவில்லை. தங்கை மேலே ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்தேன், நேராக நின்றது. ஐந்து கிலோமீட்டர் ஓட்டியபின் இரு பின்சக்கரங்களிலும் அப்பா தடியை ஊன்றிக் குனிந்து புறங்கை வைத்துப் பார்த்தார். சூடு இரண்டிலும் ஒன்றாக இருந்தது. மறுநாள் விடியற்காலை கத்தரிக்காய் மூட்டைகளோடு இறக்கத்தில் இறங்கினோம். இப்போது மழைக்காலத்தில் சமதரையில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் போடுவதில்லை. கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்கிறோம்.