உயர்நிலைப் பள்ளியின் தரத்தை அறிவது எப்படி?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும், கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் முதலில் எழும் வினா, "நம் பள்ளி எத்தனை சதவீதம்?" என்பதேயாகும். வினா நியாயமானதே. ஆயினும் அந்த ஓர் எண்ணைக் கொண்டு பள்ளியின் தகுதியை முடிவு கட்டுதல், நட்ட நிலத்தின் பரப்பை மறந்து, அறுத்த கட்டுகளை மட்டும் எண்ணி விளைச்சல் கூறுவது போலாகும்.

உதாரணமாக, ஆறாம் வகுப்பில் 60 பிள்ளைகள் சேர்ந்தனர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுள் 40 பேர் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதி, 38 பேர் தேறினர். தேர்ச்சி 95 சதவீதம். சேர்ந்த 60 பேரையும் வைத்துக் கணக்கிட்டால் 63 சதவீதமே. விடுபட்ட 20 பேரில் மாற்றுச் சான்றிதழ் பெற்று வேறு பள்ளிக்குச் சென்றவர் எத்தனை பேர், படிப்பையே நிறுத்தியவர் எத்தனை பேர் என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தலைமையாசிரியரிடம் கேட்டறிதல் அவசியம். இடையில் வந்து சேர்ந்தோரைத் தனியே எண்ண வேண்டும்.

இப்பகுதிக்கு இக்கேள்வி மிகவும் பொருந்தும். கம்பம், கூடலூர், போடி முதலிய ஊர்களிலிருந்து வைகறையிலேயே ஜீப்புகளில் ஏறி, குமுளி, கம்பம் மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் குடும்பங்கள் பல. தாய் இருட்டிலேயே புறப்பட்டுவிட்டால், பிள்ளை பள்ளிக்குச் சென்றதா என்று பார்ப்பவர் யார்? ஆகவே, ஜூன் மாத வருகையைக் காய் பறிக்கும் அக்டோபர், நவம்பர் மாத வருகையுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆசிரியரின் உழைப்பை எடைபோடுமுன் இதை அறிவதே முறை.

"நூறு சதவீதம் காட்டுக" என்று ஊரார் நெருக்குவதில் ஓர் ஆபத்தும் உண்டு. பின்தங்கிய மாணவனை ஒன்பதாம் வகுப்பிலேயே விலக்கிவிட்டால் எண் உயர்ந்துவிடும். பையன் தோட்ட வேலைக்குப் போய்விடுவான். தமிழக அரசு 2017ஆம் ஆண்டில் மாநில அளவிலான தரவரிசையை அறிவிப்பதை நிறுத்தியது. ஊர்ப் பேச்சில் அது இன்னும் நின்றபாடில்லை! பெருந்தொற்றுக் காலமாகிய 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் தேர்வு நடைபெறாமலே அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டதால், அவ்வாண்டுகளை ஒப்பீட்டில் சேர்த்தல் ஆகாது.

ஒவ்வொரு பாடத்திலும் தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் வேண்டும். கணிதத்தில் 35க்கும் 40க்கும் இடையே நின்றவர் எத்தனை பேர்? அவ்வாண்டில் கணித ஆசிரியர் பணியிடம் எத்தனை மாதம் காலியாக இருந்தது? இவ்விரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவர் எழுதும் மத்திய அரசின் வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வும் நல்ல அளவுகோல். அதில் தெரிவு பெறும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் நான்காண்டுகள், ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கிறது. எத்தனை பேரைப் பள்ளி அதற்கு ஆயத்தம் செய்தது என்று பார்க்கலாம். தேறியோர் மேல்நிலைக்கோ தொழிற்பயிற்சி நிலையத்திற்கோ சென்றனரா என்பதும் விசாரிக்கத்தக்கது.

இவற்றைக் கேட்பதற்கு இடமும் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். ஏலத் தோட்டத்திற்குச் செல்லும் தாய்மாரும் கலந்துகொள்ளத்தக்க நேரத்தில் குழுக் கூட்டத்தை வைக்க வேண்டும். ஆகஸ்டு 15ஆம் நாள் கிராம சபை கூடுவதற்குள் மேற்கூறிய கணக்குகளைத் தலைமையாசிரியரிடமிருந்து பெற்று, சபையில் படித்துக் காட்டலாம்.