ஓ.டி.பி. சொல்லுங்க சார்!

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். மற்றவர்கள் கதை அப்புறம்.

2025 ஜூன் மாதம். காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போன் ஒன்று ஆர்டர் செய்திருந்தேன். விலை 1,349 ரூபாய். (ஆபீஸில் பக்கத்து ஸீட்காரர் பேசுவது காதில் விழாமலிருக்க வேறு வழியில்லை!) சாயங்காலம் செல்போனில் ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று செய்தி. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றையும் காணோம். வந்ததே கோபம்! ‘பொருள் கிடைக்கவில்லை’ என்ற கட்டத்தில் ஒரு தட்டு. கூடவே ஒற்றை நட்சத்திரம். இரண்டே நாளில் பணம் பாங்க்குக்குத் திரும்பி வந்துவிட்டது. அடடா, என்ன சேவை!

நான்காம் நாள் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் தலையைச் சொறிந்தபடி வந்து நின்றார்.

“சார், அன்னிக்கே குடுத்துட்டுப் போனாரு... டிராயர்ல வெச்சு மறந்துட்டேன்.”

பொருளும் வந்தாச்சு, பணமும் வந்தாச்சு. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு 1,349 ரூபாயெல்லாம் ஒரு காசா என்று மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அதன்பிறகு மனசாட்சி பேசியதும் காதில் விழவில்லை.

மூன்று வாரம் கழித்து வேறு ஒரு பார்சல். கதவைத் திறந்தால், நாற்பதைத் தாண்டிய ஒரு மனிதர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“எஃப்-4 தானே? ஓ.டி.பி. சொல்லுங்க சார்.”

சொன்னேன்.

“ஓ.டி.பி. இருந்தா எனக்கும் நிம்மதி சார். போன தடவை அது இல்லாத பார்சல். வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போனேன். 1,349 ரூபா போச்சு.”

“யாருக்குப் போச்சு?”

“எனக்குத்தான். மாசக் கணக்குல டெபிட் போட்டுட்டாங்க. குடுத்ததுக்கு ப்ரூஃப் கேட்டாங்க, என்கிட்ட ஏது?”

இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்று சொல்வது போலத்தான் சொன்னார். என் கழுத்தில் தொங்கிய ஹெட்போனை ஒரு தரம் பார்த்தார். ஒன்றும் பேசாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று ராத்திரியே புகாரை வாபஸ் வாங்க முயன்றேன். வாடிக்கையாளர் சேவையில் மெஷின்தான் பதில் சொன்னது. ‘பொருள் கிடைத்துவிட்டது, பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று மூன்று தடவை அடித்தேன். ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டுவிட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ என்று மூன்று தடவையும் கேட்டது.

அடுத்த முறை அவர் எங்கள் தெருவுக்கு வந்தபோது பிடித்து நிறுத்தி, நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “தெரியும் சார், வாட்ச்மேன் சொல்லிட்டாரு” என்றார். அசடு வழிய நின்றேன். பத்திரிகைக்கு எழுதுவேன், ஒருநாள் உங்கள் கூட வரட்டுமா என்று கேட்டேன்.

“வர்ற சனிக்கிழமை ஹெல்பர் லீவு. குரூப் 4 பரீட்சை எழுதப் போறான். வாங்க... உங்களுக்குக் கதையும் ஆச்சு, எனக்கு ஆளும் ஆச்சு. பேர் மட்டும் போட்டுடாதீங்க, ஐ.டி.யைத் தூக்கிடுவாங்க.”

2025 ஜூலை 12. இரண்டாவது சனிக்கிழமை, ஆபீஸ் லீவு. காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கரணை பக்கம் இருக்கும் குடோன் வாசலில் இருந்தேன். உள்ளே எனக்கு அனுமதி கிடையாது. எதிரே டீக்கடை. நம்மவரும் அங்கேதான் நின்றார். அவரைப் போல இன்னும் இருபது, இருபத்தைந்து பேர். வரிசையாகக் குட்டி யானைகள்... அதாவது சின்ன லோடு வண்டிகள்.

“ஆறு மணின்னா ஆறு மணிக்கு வந்தாகணும். லேட்டானா டீம் லீடர் போன் மேல போன் போடுவாரு. ஆனா ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து பெரிய லாரி வந்தாத்தான் லோடு. அது எப்ப வரும்னு அந்த டிரைவருக்கே தெரியாது.”

லாரி 8.50-க்கு வந்தது. பார்சல்களை இறக்கி, பிரித்து, ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, வண்டியில் அடுக்கி, கேட்டைத் தாண்டும்போது மணி பத்தேகால். நாலேகால் மணி நேரம்! என் ஆபீஸில் லிஃப்டுக்காக நிற்கும் ஐந்து நிமிஷத்துக்குக்கூடச் சம்பளம் உண்டு. இந்த நாலேகால் மணி நேரம் யார் கணக்கிலும் இல்லை.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. வண்டி அவருடையது. மாசத் தவணை 11,800. நடுவில் ஒரு கான்ட்ராக்டர். அவர் தருவது ஒரு நாளைக்கு 1,900 ரூபாய், டீசல் நம்மவர் செலவு. தினம் ஒன்பது மணி நேரம் என்றுதான் பேச்சு. ஒன்பதுக்கு மேல் போனால்? “அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்பாங்க. நான் பண்றேன். தவணைக்காரன் பண்ண மாட்டேங்கறான்!”

முதல் நாள் ராத்திரி சொன்ன லோடு 94 பார்சல். வண்டியில் ஏறியது 131. கேட்டால், ‘பக்கத்து ரூட்காரர் வரலை, அண்ணா ப்ளீஸ்.’

வேளச்சேரி விஜயநகரில் ஆரம்பித்தோம். முதல் பத்து வீடுகள் வரை எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. பதினொன்றாவது பார்சல் என் உற்சாகத்தை உடைத்தது. உடற்பயிற்சி டம்பெல் செட், இருபது கிலோ, மூன்றாவது மாடி. ‘டெலிவரி ஆட்கள் லிஃப்டை உபயோகிக்கக் கூடாது’ என்று போர்டு. படியேறி, மூச்சு வாங்கிக் கதவைத் தட்டினால், பனியனோடு ஒரு தம்பி. “தேங்க்ஸ் ப்ரோ, இன்னிலேர்ந்து எக்சர்ஸைஸ் ஸ்டார்ட்” என்றார். அவருக்கான எக்சர்ஸைஸை நான் செய்து முடித்திருந்தேன்.

அப்புறம் எத்தனை வகை மனிதர்கள்! “தம்பி, போற வழிதானே... இந்தக் குப்பைப் பையைக் கீழே போட்டுடுங்க” என்று ஒரு மாமி. பழைய டி.வி.யை மாடியிலிருந்து இறக்கித் தரச் சொன்ன ஒரு பெரியவர். “கதவைத் தட்டாதீங்க, குழந்தை தூங்குது. போன்லயும் கூப்பிடாதீங்க” என்று எழுதி வைத்தவர். (பின்னே எப்படிக் கூப்பிடுவது? புறா விட வேண்டும்.) நம்மவர் எல்லாவற்றையும் செய்தார். முகம் சுளித்தால் ஒரு நட்சத்திரம் குறையும். நட்சத்திரம் குறைந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் இப்போது தெரியுமே! மோர் கொடுத்த வீடும் ஒன்று இருந்தது, சொல்லாமல் விட்டால் பாவம்.

ஒரு மணிக்கு ஹெல்பர் பையன் போன் செய்தான். இருபத்திரண்டு வயது, பி.காம். அந்தப் பரீட்சைக்கு 3,935 இடங்கள் என்று அறிவிப்பு. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேலே. பையன் ஆறாயிரம் ரூபாய் கட்டி ஒரு கோச்சிங் சென்டரில் சேர்ந்திருக்கிறான். வகுப்பு சாயங்காலம் ஏழு மணிக்கு. நான்கு மாதத்தில் அவன் போனது ஒன்பது நாள்.

“எப்டிடா எழுதின?”

“தமிழ் ஓகேண்ணா. கணக்குலதான் இடிச்சிடுச்சு. காலமும் வேலையும்...”

நம்மவர் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நம்ம வண்டியில இருக்கிற பையன்கிட்ட காலமும் வேலையும் கேட்டா எப்படி சார் போடுவான்?”

மத்தியானச் சாப்பாடு 3.40-க்கு. ஒரு வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, டப்பாவில் எலுமிச்சை சாதம். சாப்பிடும் முன் ஒரு மாத்திரையை எடுத்தார். சர்க்கரை வியாதி. “சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போடணும்னாரு டாக்டர். சாப்பாடு எப்பன்னு தெரிஞ்சாத்தானே சார், முன்னாடி எப்பன்னு தெரியும்?”

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார், போன் அடித்தது. கஸ்டமர். “எங்க இருக்கீங்க? மேப்புல பத்து நிமிஷமா ஒரே இடத்துல நிக்கறீங்க!” டப்பாவை மூடிவிட்டார்.

நானும் அப்படி மேப்பைப் பார்த்துக் கத்தியவன்தான். அந்தச் சின்ன வண்டிப் படம் நகராமல் நிற்கும்போது அதற்குள் ஒரு ஆள் சாப்பிட்டுக் கொண்டிருப்பான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

சட்டமெல்லாம் இல்லையா என்று கேட்பீர்கள். கேட்டேன். 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு என்றது. ஆனால், ஐந்து பேராவது வேலை பார்க்கும் நிறுவனத்துக்குத்தான். நம்மவர் சிரித்தார். “நான் ஒருத்தன்தானே. நானே முதலாளி, நானே தொழிலாளி. எட்டு மணிக்கு மேல வேலை வாங்கறான்னு என் மேலயே நான் கேஸ் போடணும்!”

செயலி வழியே வேலை பார்ப்பவர்களுக்கென்று தமிழக அரசு 2023 டிசம்பரில் நலவாரியம் அமைத்தது. 2025-ல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் அவர்களுக்கு ஏ.ஸி. ஓய்வறை கட்டித் திறந்தது. நல்ல காரியம்தான். “வேளச்சேரியிலேர்ந்து அண்ணா நகர் போய் ஒண்ணுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள எனக்கு மூணு டெபிட் விழுந்துடும் சார்” என்றார். வாரியத்தில் பதிவு செய்தாயிற்றா என்றால், அதிலும் குழப்பம். “கான்ட்ராக்டர் மூலமா ஓட்டறேன். நான் அந்தக் கணக்குல வருவேனா, மாட்டேனா? யாரைக் கேட்டாலும் வேற ஒருத்தரைக் கேளுங்கறாங்க.” அதே வருடம் நவம்பர் 21-ல் மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தது. ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவிகிதம் வரை கம்பெனிகள் தொழிலாளர் நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. விபத்து, வைத்தியம், முதுமை எல்லாம் அதில் பேசப்படுகிறது. எட்டு ஐம்பதுக்கு வரும் லாரியைப் பற்றித்தான் பேச்சில்லை.

சாயங்காலம் 5.40. டீம் லீடர் போன். “அண்ணா, இன்னும் பதினேழு பிக்-அப் இருக்கு, போட்டுடறேன்.” வேண்டாமென்று திருப்பித் தரும் பொருள்களை வீடு வீடாகப் போய் வாங்கிவர வேண்டும். வாங்குவது என்றால் சும்மாவா? பிரித்து, கலர் சரியா, லேபிள் இருக்கா, கிழிசல் உண்டா என்று பார்த்து போட்டோ எடுக்கணும். ஒரு வீட்டில் கொடுத்த பட்டுப்புடவையில் சந்தன வாசனை கமகமத்தது. கல்யாணத்துக்குக் கட்டிவிட்டுத் திருப்பித் தருகிறார்கள்! எடுக்க மாட்டேன் என்றால் கஸ்டமர் புகார். எடுத்தால் குடோனில் டெபிட். ஐந்து நிமிஷம் யோசித்து, “கறை இருக்கு மேடம்” என்று போட்டோவில் காட்டித் தப்பித்தார்.

“பிக்-அப் முடியாதுன்னு சொன்னா என்ன?”

“ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நாளைக்கு ‘லோடு இல்லண்ணா, ரெஸ்ட் எடுங்க’ன்னு மெஸேஜ் வரும்.”

அந்த டீம் லீடரை ஒரு வில்லனாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். ராத்திரி ஒன்பதரைக்குக் குடோன் வாசலில் பார்த்தேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கையில் ஆறிப்போன பரோட்டா, காதில் போன். அந்தப் பக்கம் யாரோ அவரைக் காய்ச்சிக் கொண்டிருந்தார்கள். “சார், ப்ளீஸ் சார்... லாரி லேட் சார்...” காலையில் லாரி தாமதம். அதை ராத்திரி வரை ஒவ்வொருவராகக் கை மாற்றிக்கொண்டு வந்து, கடைசியில் நிற்கிறவர் தலையில் இறக்கி வைக்கிறார்கள். அவருக்கும் கீழே தள்ள ஆளில்லை.

131-ல் 119 பார்சல் கொடுத்திருந்தோம். பன்னிரண்டு வீடுகளில் ஆளில்லை, அல்லது போனை எடுக்கவில்லை. பிக்-அப் பதினேழில் பதினொன்று. வசூலான ரொக்கத்தை எண்ணிக் கட்டிவிட்டு அவர் வெளியே வரும்போது மணி 10.20. எனக்கு இடுப்பு என்று ஒன்று இருந்ததே மரத்துப்போயிருந்தது.

செல்போனை எடுத்தேன். “அண்ணே, உங்க 1,349 ரூபா. மறுக்காம வாங்கிக்கணும்.”

“எதுக்கு சார் மறுக்கணும்? என் பணம்தானே. இருங்க, ஹெல்பருக்கு ஒரு நாள் கூலி 600. இன்னிக்கு நீங்கதான் ஹெல்பர். அதைக் கழிச்சு 749 போடுங்க.”

“அதெல்லாம் வேண்டாம்ண்ணே, நான் எழுதறதுக்காக வந்தவன்...”

“டம்பெல் தூக்கினீங்கல்ல? வேலை பார்த்தா கூலி, சார்.”

வேறு வழியில்லாமல் 749 அனுப்பினேன். அவர் போனில் ‘டிங்’ என்றது. சட்டைப் பையில் போடப் போனவர் கை நின்றது. இன்னொரு ‘டிங்’. கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

‘நாளை ஞாயிறு ஸ்பெஷல் லோடு. ரிப்போர்ட்டிங் 5.45.’

“அந்தப் பையனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடணும், தூங்கியிருப்பான்” என்றபடி வண்டியைக் கிளப்பினார்.