பங்கு விற்பனையும் வரித்துறைக் கடிதமும்



மௌலா அலியின் ரயில்வே குடியிருப்புகளிலும் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களிலும் வாழும் நம் குடும்பங்களில், கைப்பேசி வழியாகப் பங்குகளை வாங்கி விற்போர் உண்டு. சம்பளத்தில் வரி பிடித்துவிட்டார்கள், இனிக் கணக்குக் காட்ட ஒன்றுமில்லை என்று அவர்களில் சிலர் எண்ணுகின்றனர். பின்பு வருமான வரித்துறையின் கடிதம் வரும்போது வீடே கலங்குகிறது.

இக்கடிதம் எதனால் வருகிறது? நமது பான் எண்ணில் நடக்கும் பங்கு விற்பனைகள், 2021 நவம்பரில் அறிமுகமான ஆண்டுத் தகவல் அறிக்கையில் பதிவாகின்றன. 2024 டிசம்பரில் மத்திய நேரடி வரிகள் வாரியம், இவ்வறிக்கையோடு பொருந்தாத கணக்குகளைச் சரிசெய்யும்படி குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பியது.

ஒன்றை மனதில் கொள்ளுங்கள். விற்ற தொகை வேறு, லாபம் வேறு. 5,70,000 ரூபாய்க்கு வாங்கிய பங்குகளைச் சில மாதங்களில் 6,00,000 ரூபாய்க்கு விற்றவரின் லாபம் 30,000 ரூபாயே. 2024 ஜூலை 23 முதல் இத்தகைய குறுகிய கால லாபத்திற்கு வரி 20 சதவீதம். அதாவது, செஸ் நீங்கலாக 6,000 ரூபாய். ஆனால் பதிலே அளிக்காவிடில், அதிகாரி தம்மிடமுள்ள விவரங்களைக் கொண்டே வரியை நிர்ணயிக்கலாம். குறைத்துக் காட்டிய வருமானத்திற்குரிய வரியில் 50 சதவீதமும், பொய்க்கணக்கு என்றால் 200 சதவீதமும் அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியவை:

1. கடிதம் உண்மையானதா என்று பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் துறையின் கடிதங்களில் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். அதைத் துறையின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொட்டுப் பணம் செலுத்தாதீர்கள்.

2. தரகு நிறுவனத்திடம் அவ்வாண்டின் லாப நட்டக் கணக்கைப் பெற்று, தகவல் அறிக்கையோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். தவறான பதிவு இருந்தால் அங்கேயே ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

3. விடுபட்டது உண்மையானால், குறித்த கெடுவுக்குள் ஒப்புக்கொண்டு பதில் அனுப்புங்கள். திருத்திய கணக்கா, கூடுதல் வரியுடன் புதுப்பித்த கணக்கா என்பதைப் பட்டயக் கணக்காளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் இணையவழியிலேயே பதில் அளிக்கலாம். பஷீர்பாக் ஆயகர் பவனுக்கு அலைய வேண்டியதில்லை.

நட்டம் அடைந்தவர்களும் கணக்குக் காட்ட வேண்டும். உரிய காலத்தில் காட்டிய நட்டத்தையே, விதிகளுக்குட்பட்டு, பின்வரும் ஆண்டுகளின் லாபத்தில் கழிக்க இயலும். ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நட்டமே அடைந்தனர் என்று செபி 2024 செப்டம்பரில் அறிவித்தது.

அந்த நட்டத்தை மனைவிக்கு மறைத்தவரே பல வீடுகளில் கடிதத்தையும் மறைக்கிறார். அலமாரியில் ஒளித்த கடிதத்திற்கு மாதந்தோறும் வட்டி ஏறும். இன்றிரவே அதை வீட்டாரின் முன் விரித்து வையுங்கள். தொகை எவ்வளவு என்று இருவரும் அறிந்தபின், அதைக் கட்டி முடிக்க வழி காணலாம்.