மிச்சம் யார் தட்டில்?

இரவுச் சாப்பாடு முடிந்து தட்டுகளெல்லாம் தொட்டிக்கு வந்த பிறகு, அடுக்களையில் நிற்பவர் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பாத்திரத்தில் இரண்டு கை சோறு இருக்கிறது. குழம்புச் சட்டியில் ஒன்றரைக் கரண்டி. கொத்தவரங்காய்ப் பொரியல் ஒரு வாய்க்கு மேல் வராது. இவை போகக்கூடிய இடங்கள் மூன்று: ஃப்ரிட்ஜ், குப்பைக்கூடை, அல்லது அங்கே நின்றுகொண்டிருக்கும் பெண்ணின் வயிறு.

குப்பைக்கூடைக்குப் போவதற்குக் கணக்கு இருக்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட உணவு விரய அறிக்கையின்படி, 2022-ல் மட்டும் உலகம் முழுக்க வீணான உணவு சுமார் 105 கோடி டன். பழியை ஓட்டல்கள் மீதும் கல்யாண மண்டபங்கள் மீதும் போடுவது நமக்கு வழக்கம். ஆனால் அந்த 105 கோடியில் 63 கோடி டன் வீடுகளிலிருந்து வந்தது என்கிறது அறிக்கை. இந்திய வீடுகளுக்கு அது தரும் மதிப்பீடு, ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ. தோல், கொட்டை, எலும்பு எல்லாம் சேர்த்து நிறுத்த எடை இது. அப்படியே வைத்துக்கொண்டாலும் நாலு பேர் உள்ள வீட்டுக்கு வாரம் நாலு கிலோவைத் தாண்டுகிறது.

பெண்ணின் வயிற்றுக்குப் போவது எந்த அறிக்கையிலும் வருவதில்லை. "இருக்கட்டும், காலையில நான் சாப்பிட்டுக்கிறேன்" என்று அம்மா சொல்வதைக் கேட்காத தமிழ் வீடு குறைவு. மற்றவர்களுக்குச் சூடான இட்லி வெந்துகொண்டிருக்கும்போது அவர் நேற்றைய உப்புமாவோடு நிற்பார். வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தின் பாரம் முழுக்க ஒருவர் மீது இறங்குகிறது. பருப்பும் காயும் முட்டையும் முதல் பந்தியிலேயே தீர்ந்துவிட, அவருக்கு எஞ்சுவது பெரும்பாலும் வெறும் சோறு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதற்குக் காரணங்கள் பல. கடைசியாகச் சாப்பிடுவதும் எஞ்சியதைச் சாப்பிடுவதும் அவற்றில் சேராது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆகவே மிச்சத்தைப் பயன்படுத்துவது பற்றி எழுதும்போது நான் வேண்டுவது ஒன்றுதான். மிச்சம் மறுநாள் எல்லோர் தட்டிலும் வர வேண்டும். அப்படி வருவதற்கு அது மிச்சம் போலத் தெரியாமல், ருசியோடு வர வேண்டும். அந்தக் கைப்பக்குவம் நம்மிடம் தாராளமாக இருக்கிறது.

முதலில் காசைப் பார்த்துவிடுவோம். மத்திய அரசின் 2023-24 குடும்பச் செலவு ஆய்வின்படி இந்தியாவில் கிராமத்துக் குடும்பங்கள் மாதச் செலவில் சுமார் 47 விழுக்காட்டையும், நகரத்துக் குடும்பங்கள் சுமார் 40 விழுக்காட்டையும் சாப்பாட்டுக்குச் செலவிடுகின்றன. வாடகையைக் குறைக்க முடியாது, பள்ளிக் கட்டணத்தைக் குறைக்க முடியாது. கைக்கு எட்டுவது அடுக்களைதான். தினம் 100 கிராம் அரிசிக்கான சோறு வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். அரிசி கிலோ 60 ரூபாய் என்றால் நாளைக்கு 6 ரூபாய், மாதம் 180. வாரந்தோறும் புளித்துப்போய்க் கொட்டும் கால் கிலோ மாவு, வாடிப்போகும் ஒரு கட்டு கீரை, அழுகும் அரைக் கிலோ தக்காளி, மறந்துபோன தயிர் எல்லாவற்றையும் சாதாரண விலையில் கூட்டினால் மாதம் ஐந்நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் வந்துவிடும். அடுப்பு எரிந்த எரிவாயு தனி. தக்காளி விலை ஏறும்போது சொல்லவே வேண்டாம். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது நினைவிருக்கும். தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம் என்பதால் சோறு வீணாவதை லேசாக எடுத்துக்கொள்ளும் வீடுகளும் இருக்கின்றன. இலவசம் நமக்குத்தான். ஒரு கிலோ நெல் விளைய ஏறத்தாழ 2,500 லிட்டர் தண்ணீர் வேண்டும். டெல்டா விவசாயிக்கு அந்தத் தண்ணீர் சும்மா வருவதில்லை.

மிச்சத்தைக் குறைக்கும் வேலை அரிசி அளக்கும்போதே தொடங்குகிறது. உலையில் போடும் முன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. காஞ்சி மகா பெரியவர் அதைப் பிடியரிசித் திட்டமாகவே பரப்பினார். அந்த ஒரு பிடி இல்லாததால் வீட்டில் யாரும் பசித்திருந்ததில்லை. இன்று பெரும்பாலான வீடுகளில் அளவு டம்ளர் மட்டும் மாறவேயில்லை. பெரியவன் விடுதிக்குப் போய்விட்டான், மாமனாருக்கு ராத்திரியில் சப்பாத்தி என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனால் அரிசி அதே மூன்று டம்ளர். ஒரு வாரம் இரவில் மீந்த சோற்றைக் கவனித்தால் எத்தனை பிடி குறைக்கலாம் என்பது தெரிந்துவிடும்.

அப்படியும் மீறி மிஞ்சுவது உண்டு. சோற்றிலிருந்து தொடங்கலாம். பழைய சோற்றுக்கு விளக்கம் தேவையில்லை, ஆனால் அதில் ஒரு நேரக் கணக்கு இருக்கிறது. சோறு ஆறியவுடன், அன்று இரவே, அது முழுகும் அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றி மூடிவைக்க வேண்டும். லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இரவெல்லாம் வேலை செய்து தண்ணீரைப் புளிப்பாக்குகின்றன. அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகளை வளரவிடாமல் தடுக்கிறது. குடல் நோயாளிகளுக்கு இது எந்த அளவு உதவும் என்பதைச் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை ஆய்வுக்கே எடுத்துக்கொண்டது. மத்தியானம் வடித்த சோறு இரவு பத்து மணி வரை வெறுமனே திறந்து கிடந்து, பிறகு தண்ணீர் ஊற்றினால் அது பழைய சோறு ஆகாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

வெயில் காலத்தில் தண்ணீர்ச் சோறு நாலு நாள் தொடர்ந்து மிஞ்சினால் வடகம் போட்டுவிடலாம். தண்ணீரை வடித்து, பச்சை மிளகாய், சீரகம், உப்பு, பெருங்காயம் சேர்த்து அரைத்து, வெள்ளைத் துணியில் கிள்ளிவைத்தால் நல்ல வெயிலில் இரண்டு நாளில் காய்ந்துவிடும். மழைக் காலத்தில் ரசம் சாதத்துக்கு அப்பளம் வாங்கும் செலவு மிச்சம். அவசரத்துக்கு அதே சோற்றை அரைத்துக் கொஞ்சம் ரவையும் அரிசி மாவும் கலந்து தோசையாக வார்க்கலாம். ஓரம் முறுகலாக வரும், குழந்தைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

குழம்பைச் சுண்ட வைப்பதில் நம் ஊர்களுக்கு நிகர் இல்லை. கல்யாணம் அல்லது பொங்கல் முடிந்த மறுநாள், சாம்பார், அவியல், கூட்டு, பொரியல் என்று மிஞ்சியதையெல்லாம் ஒரே சட்டியில் சேர்த்து, சிறு தீயில் தண்ணீர் வற்றும்வரை கொதிக்கவிடுவார்கள். நெல்லைப் பக்கம் சுண்டக்கறி, நாஞ்சில் நாட்டில் பழங்கறி. புளியும் காரமும் காய்க்குள் இறங்கி, முதல் நாளைவிட ருசியான ஒன்று வந்துவிடும். அதற்காகவே விருந்துக்கு மறுநாளும் தங்கிவிட்டுப் போகும் உறவினர்கள் உண்டு. வீட்டில் மிஞ்சும் ஒன்றரைக் கரண்டிச் சாம்பாருக்கும் இதே வழிதான். கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டுச் சுண்டக் காய்ச்சினால் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள ஆயிற்று. மண்சட்டியாக இருந்தால் அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எனக்கு மிகப் பிடித்தது யாழ்ப்பாணத்துப் பழஞ்சோற்றுக் குழையல். முதல் நாள் சோற்றோடு மிஞ்சிய கறிகளைப் போட்டு, தயிரோ வெங்காயமோ பச்சை மிளகாயோ சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடித்து, சுற்றி அமர்ந்திருப்பவர்களின் கையில் அம்மாவோ அம்மம்மாவோ ஒவ்வொன்றாக வைப்பார். எல்லோருக்கும் ஒரே சட்டி, ஒரே உருண்டை. நேற்றைய சோறு அங்கே ஒருவர் தனியாக மூலையில் நின்று தின்று முடிக்கும் பண்டமாக இல்லை. புலம்பெயர்ந்த ஈழத் தமிழர்கள் டொரன்டோவிலும் லண்டனிலும் ஏக்கத்தோடு பேசுவது இந்த உருண்டையைப் பற்றித்தான்.

மாவு புளித்துவிட்டால் கொட்டாதீர்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கிப் போட்டுக் குழிப்பணியாரம் ஊற்ற அந்தப் புளிப்புதான் வேண்டும். தயிர் புளித்தால் மோர்க்குழம்பு, அதைவிடப் புளித்தால் அரிசி மாவைக் கரைத்து மோர்க்களி. இட்லி உப்புமாவும் சப்பாத்தியைக் கொத்திப் போட்டு முட்டையோடு கிளறுவதும் எல்லோருக்கும் தெரிந்தவை.

சமைத்தது மட்டுமல்ல, சமைக்கும் முன்பே வெட்டி வீசுவதும் காசு கொடுத்து வாங்கியதுதான். பீர்க்கங்காய்த் தோலைக் கழுவி, எண்ணெயில் பச்சை வாசனை போக வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, வரமிளகாய், துளி புளி, தேங்காய் வைத்து அரைத்தால் துவையல். சௌசௌ தோலுக்கும் இதே முறை. வாழைக்காய்த் தோலைப் பொடியாக நறுக்கி, தட்டைப்பயறோடு சேர்த்துப் பொரியல் செய்யலாம். தர்ப்பூசணியின் வெள்ளைப் பகுதி பாசிப்பருப்புக் கூட்டுக்கு அப்படியே சுரைக்காய் போல இருக்கும். முள்ளங்கி இலையும் பீட்ரூட் இலையும் கீரைதான், கடைக்காரரிடம் கிள்ளிப் போட வேண்டாம் என்று சொல்லி வாங்குங்கள். கொத்தமல்லித் தண்டும் முருங்கைக்கீரை ஈர்க்கும் ரசத்தில் கொதித்து இறங்கினால் வாசனையே தனி. பூச்சிமருந்து பயம் நியாயமானது. உப்பும் மஞ்சளும் கரைத்த நீரில் சிறிது நேரம் போட்டு, ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவியே தோலை எடுக்க வேண்டும்.

திறந்து கிடந்த சோறு ஏன் பழைய சோறு ஆகாது என்ற காரணத்துக்கு இப்போது வருகிறேன். சிக்கனம் என்ற பெயரில் வயிற்றைக் கெடுத்துக்கொண்டு டாக்டருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுப்பதில் லாபம் எதுவும் இல்லை. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சோறு கொதிக்கும்போது அவை சாவதில்லை. வெந்த சோறு இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்து, பெருகி, நஞ்சைச் சுரக்கின்றன. வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. 'நல்லா கொதிக்க வெச்சுட்டேன், ஒண்ணும் ஆகாது' என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. 5 டிகிரிக்கு மேல் 60 டிகிரிக்குள் உணவு இருக்கும் நேரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்க வேண்டும், நம் கோடையில் அதையும் குறைப்பது நல்லது. சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவைத்து உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள், அல்லது தண்ணீரில் போடுங்கள். குழம்பைச் சட்டியோடு எடுத்து, சூடாக்கி, மீண்டும் உள்ளே வைப்பதைத் தவிர்த்து, வேண்டிய அளவை மட்டும் எடுத்துக் கொதிக்கவிடுங்கள். தேங்காய்ச் சட்னியையும் தேங்காய்ப்பால் குழம்பையும் கீரை மசியலையும் அன்றே முடித்துவிடுவதுதான் சரி. பூஞ்சை பிடித்த ரொட்டியில் அந்த ஓரத்தை மட்டும் பிய்த்துவிட்டுத் தின்னக் கூடாது. பூஞ்சை பிடித்த வேர்க்கடலையை ஒன்றுகூட எடுத்துவைக்கக் கூடாது. பச்சை நிறமேறிக் கசக்கும் உருளைக்கிழங்கும் அப்படித்தான். இவற்றைத் தூக்கியெறியும்போது மனம் உறுத்த வேண்டியதில்லை.

தோலும் காம்பும் முன்பு கழனித்தண்ணீர்ப் பானைக்குப் போயின. பால்காரம்மா வந்து எடுத்துப்போய் மாட்டுக்கு ஊற்றுவார். அடுக்குமாடி வாழ்க்கையில் அந்தப் பானை போய்விட்டது. இப்போது அவை பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போடப்பட்டு, சென்னையானால் பெருங்குடிக்கும் கொடுங்கையூருக்கும் போய் மக்கி, மீத்தேனாகக் கிளம்புகின்றன. பால்கனியில் ஓட்டை போட்ட மண்பானை ஒன்று வைத்து, காய்கறிக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த இலை இரண்டு பங்கு போட்டு வந்தால் இரண்டு மூன்று மாதத்தில் ரோஜாத் தொட்டிக்கு உரம் கிடைக்கும். விசேஷத்துக்குச் சமைத்துக் கைபடாமல் நிறைய மிஞ்சினால், கோவையில் 2014-ல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புகள் உதவுகின்றன. சென்னை பெசன்ட் நகரில் 2017-ல் ஒரு பல் மருத்துவர் தொடங்கிய 'ஐயமிட்டு உண்' பொதுக் குளிர்பெட்டியும், மிஞ்சியது இல்லாதவர்களுக்குப் போகட்டும் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான்.

வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் மட்டும் இரண்டு ஒழுங்கு போதும். முதல் தட்டின் முன்பக்கத்தை மிச்சத்துக்கு என்றே ஒதுக்குங்கள். கண்ணாடி டப்பாவாகவோ உள்ளே இருப்பது தெரியும் டப்பாவாகவோ இருக்கட்டும், எவர்சில்வர் தூக்கில் வைத்ததைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றாது. பழுத்த வாழைப்பழம், தக்காளி, மாம்பழம் பக்கத்தில் கீரையை வைக்காதீர்கள், அவை விடும் எத்திலீன் வாயு கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கிவிடும்.

வாரத்தில் ஒரு நாள் இரவு புதிதாக எதுவும் சமைப்பதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். வியாழனோ, சந்தைக்குப் போகும் நாளுக்கு முந்தின நாளோ. முன்தட்டில் இருப்பது அத்தனையும் மேசைக்கு வரட்டும். அடுப்பில் நிற்பவர் அன்று வேறொருவராக இருக்கட்டும். அப்பா குழம்பைச் சுண்ட வைக்கலாம். புளித்த மாவில் வெங்காயம் வெட்டிப் போட்டு ஊத்தப்பம் வார்ப்பது பதினைந்து வயதுப் பையனுக்கு ஒரே மாலையில் வந்துவிடும். அம்மா மற்றவர்களோடு சேர்ந்து முதல் பந்தியில் உட்காரட்டும். அவருக்கும் சட்டியிலிருந்து சூடாகவே பரிமாறுங்கள்.