கையெழுத்தில் அறிந்தவர்களை நேரில் கண்டோம்

மன்னார் - பூநகரி வீதியால் ஓடும் பஸ்ஸில் எமது கொப்பி மாதம் ஒருமுறை பயணம் போகும். அடம்பனில் எழுதியதை வெள்ளாங்குளத்தில் வாசிப்போம். அங்கிருந்து முழங்காவிலுக்கும் பூநகரிக்கும் போகும். 2009இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் நாங்கள். காணியோ பற்றைக்காடு. வயல் வேலை சொல்லித்தரச் சிலருக்குத் தகப்பன்மாரும் இல்லை. ஆகவே அவரவர் பழகியதை எழுதினோம். ஆளை ஆள் கண்டதில்லை.

2013 ஆவணியில், காலபோக விதைப்புக்கு முன், வெள்ளாங்குளத்தில் ஒரு வேப்பமர நிழலில் பதினொரு பேர் கூடினோம். 'முழங்காவில் அண்ணை' என்று நாங்கள் எழுதிவந்தவர் பத்தொன்பது வயதுத் தங்கச்சி! அவரே முதலில் சிரித்தார்.

பூநகரித் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அடம்பன்காரரைப் பார்த்து, "உப்புத் தண்ணி விஷயம் எழுதினது நீங்களோ?" என்று கேட்டார்.

முட்டை மிதக்கும்வரை தண்ணீரில் உப்பைக் கரைத்து, விதைநெல்லைக் கொட்டி, மிதக்கும் சப்பியை அள்ளி எறிந்து, அடியில் கிடக்கும் நெல்லை எடுக்கும்படி கொப்பியில் இருந்தது. அவர் அப்படியே செய்து, ஊறவைத்துச் சாக்கில் கட்டினார். முளைக்கவில்லை. இரண்டு புசல், அதுவும் கடன் நெல். ஒரு ஏக்கர் விதைப்பு பிந்திப்போனது.

கொப்பியைப் புரட்டினோம். உப்புப் போக நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் கழுவ வேண்டும் என்ற வரி அதில் இல்லை. அடம்பன்காரர் தலையைக் குனிந்தார். "எங்கட வீட்டில கழுவிறது அம்மா. அதால எழுத வேணுமெண்டு எனக்குத் தோன்றேல்லை."

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு முழங்காவில் தங்கச்சி பக்கத்து வீட்டில் வாளியும் முட்டையும் வாங்கி வந்தார். முட்டை எவ்வளவு வெளியே தெரிய வேண்டும் என்பதில் எங்களுக்குள் நாலு கருத்து! ஒரு குத்திக்காசளவு தெரிந்தால் போதும் என்பதைக் கண்ணால் கண்ட பிறகே வாக்குவாதம் நின்றது. நெல்லைக் கழுவியது அடம்பன்காரர்தான், மூன்று தரம்.

போகும் நேரத்தில் பூநகரித் தம்பி தன் பையைத் திறந்தார். எல்லோருக்குமென்று கொண்டுவந்த மொட்டைக்கறுப்பன் விதைநெல். மழையை நம்பிய தங்கள் நிலத்தில் அது நிற்கும் என்றார். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் செய்யும் அடம்பன்காரரும் ஒரு கை வாங்கிக்கொண்டார்.

அறுவடை முடிய ஒரு புசல் தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மற்றப் புசலைப் பற்றிக் கொப்பியில் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.