ஆங்கிலத்தில் தன்னையே சுட்டும் வினைகள்

தமிழில் ‘கொள்’ என்னும் துணைவினை ஆற்றும் பணியில் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் ‘செல்ஃப்’ என முடியும் சொற்கள் ஆற்றுகின்றன. விபத்து அறிக்கை எழுதும் களப்பணியாளர் இதனை முதற்கண் அறிதல் வேண்டும். அறுவடையின்போது தொழிலாளி ஒருவர் அரிவாளால் வெட்டிக்கொண்டாரெனில், ‘ஹி கட் ஹிம்செல்ஃப்’ என்றே எழுதுதல் வேண்டும். ‘ஹி கட் ஹிம்’ என எழுதின், அவர் வேறொருவரை வெட்டினார் என்று பொருள்படும், காயமுற்றவரே குற்றவாளியாகிவிடுவார்.

எனினும் ‘கொள்’ வருமிடமெல்லாம் ‘செல்ஃப்’ வருவதில்லை. ஒருவர் சவரம் செய்துகொண்டதற்கு ‘ஹி ஷேவ்டு’ என்பதே போதும். உடுத்திக்கொண்டதற்கு ‘ஹி டிரெஸ்டு’ போதும். நோயாளி பிறர் உதவியின்றித் தாமே உடுத்திக்கொண்டார் என வற்புறுத்துகையில் ‘டிரெஸ்டு ஹிம்செல்ஃப்’ பொருந்தும். ‘கற்றுக்கொண்டான்’ என்பதற்கோ ‘ஹி லேர்ன்ட்’ என்பதற்குமேல் ஒன்றும் வேண்டுவதில்லை.

இதற்கு மாறாக, ‘மகிழ்ந்தோம்’ என்பதில் ‘கொள்’ இல்லை. ஆகவே ‘வீ என்ஜாய்டு’ என்று நிறுத்திவிடுவது நம்மவரிடம் பெருவழக்கு. அவ்வினை செயப்படுபொருளை வேண்டுவது. ‘வீ என்ஜாய்டு அவர்செல்வ்ஸ்’ என்றேனும், ‘வீ என்ஜாய்டு த டூர்’ என்றேனும் முடித்தல் வேண்டும். அலுவலகங்களில் வழங்கும் ‘அவெய்ல்டு லீவ்’ என்பதும் இத்தகையதே. ‘அவெய்ல்டு ஹிம்செல்ஃப் ஆஃப் லீவ்’ என்பதே இலக்கண மரபு. கோப்புகளில் முன்னது நிலைத்துவிட்டது. வகுப்பில் பின்னதைக் கற்பித்தலே நன்று.

‘ஐ மைசெல்ஃப் மெஷர்டு த ரெயின்ஃபால்’, அதாவது மழையளவை நானே அளந்தேன் என்னும் வாக்கியத்தில் ‘மைசெல்ஃப்’ என்பது தமிழ் ஏகாரம் போன்றது. அதனை நீக்கினும் வாக்கியம் நிற்கும். ‘ஹி கட் ஹிம்செல்ஃப்’ என்பதில் ஈற்றுச் சொல்லை நீக்கினால், எதனை வெட்டினார் என்னும் வினா எஞ்சும். மாணவர் இவ்விருவகையையும் பிரித்தறிய இச்சோதனையே எளிது.