முதல் பந்தியும் மூன்றாம் பந்தியும்

தீபாவளி வந்து சென்றது. தெருவில் பட்டாசுக் காகிதங்களைப் பெருக்கித் தள்ளியாகிவிட்டது. விருந்தினரும் ஊர் திரும்பிவிட்டனர். தேசத்தின் பெரிய பிரச்னைகளை ஒரு நாளைக்கு ஒத்திவைத்துவிட்டு, பண்டிகைச் சாப்பாட்டைக் குறித்துச் சில வார்த்தைகள் எழுத நேயர்கள் நமக்கு அனுமதி அளிப்பார்களென்று நம்புகிறோம்.

கூட்டுக் குடும்பம் அழிந்துபோயிற்றென்று துக்கம் கொண்டாடுவோர் பலர். அவர்கள் தீபாவளியன்று ஏதேனுமொரு பூர்வீக வீட்டை எட்டிப் பார்த்தல் நலம். வருஷத்தில் 363 நாள் தனித்தனி அடுப்பு மூட்டி வாழ்பவர்கள், மிகுந்த இரண்டு நாளைக்கு ஒரே கூரையின் கீழ்க் கூடி, ஒரே ஸ்நான அறைக்கு வரிசையில் நின்று, பாகப் பிரிவினையின்போது பேச மறந்ததையெல்லாம் பேசித் தீர்க்கிறார்கள்.

எண்ணெய் ஸ்நானம் முடிந்தவுடனே, சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் முதலியவற்றை அரைத்து, வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிளறிய தீபாவளி லேகியம் உள்ளங்கையில் ஓர் உருண்டை வைக்கப்படுகிறது. நோய் வருமுன்னரே, அதை வருவித்துக்கொள்ளும் தீர்மானத்துடன், மருந்தை உட்கொள்ளும் ஜனசமூகம் நம்மைப்போல் வேறொன்று இருக்குமோவென்பது சந்தேகமே. சட்டத்தில் இதற்கு முன்ஜாமீன் என்று பெயர்.

ஜாமீன் பெற்றவர்கள் குற்றம் புரியத் தாமதிப்பதில்லை. 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு உண்டென்று கணக்கிட்டது. அவர்களுள் நால்வர் நமது வீட்டு முதல் பந்தியில், அடுத்தடுத்த இலைகளில் வீற்றிருந்தனர். "இனிப்பே கூடாதென்பது டாக்டரின் கட்டளை" என்று பெரிய மாமா உரத்த குரலில் அறிவித்தார். பிறகு, அதிரசம் வெல்லத்தால் செய்யப்படுவதென்றும், வெல்லம் சர்க்கரையாகாதென்றும் வாதித்து, தமக்கே சாதகமாகத் தீர்ப்பும் வழங்கி, மூன்று அதிரசங்களுக்கு அத்தீர்ப்பை நிறைவேற்றினார்.

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்ற பழமொழியின் முதற் பாதியை நமது ஆண்மக்கள் பழுதின்றிக் கடைப்பிடித்து வருகிறார்கள். இரண்டாம் பாதியைப்பற்றி அரசியல் தொண்டர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இலை போட்டாகிவிட்டால் கூடமே சட்டசபையாகிறது. பருப்புக்கு மத்திய சர்க்கார் கவிழ்கிறது. சாம்பாருக்கு மாநில சர்க்கார். ரசம் வருவதற்குள் உள்ளூர்ப் பஞ்சாயத்தும் தப்புவதில்லை. மோர் வந்த பிறகே சமரசம். இவ்வருஷம் நமது உறவினர் ஒருவர் சமத்துவத்தைக் குறித்து வெகு நேர்த்தியாகப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே, தம் முன்னால் பாத்திரத்துடன் குனிந்து நின்ற சகோதரியின் முகத்தைப் பாராமலே, இலையில் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டி, "அவியல்" என்றார். பிறகு சமத்துவத்தைத் தொடர்ந்தார்.

அந்தச் சகோதரி உண்ண உட்கார்ந்தபோது மணி மூன்றே முக்கால். முதல் பந்தி மாப்பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும். இரண்டாவது பிள்ளைகளுக்கும், தாமதித்து வந்த ஆண்களுக்கும். மூன்றாவது, விடியற்காலை நான்கு மணி முதல் அடுப்படியில் நின்றவர்களுக்கு. அப்போது வடை இல்லை. அவியலில் முருங்கைக்காய் மட்டும் மிஞ்சியிருந்தது.

1924-25-ல் சேரமாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவிட்ட விஷயத்தில் தமிழ்நாட்டுக் காங்கிரஸே இரண்டுபட்டது. யார் யாரோடு உட்காருவதென்பது ராஜீய விஷயமே என்பதை நமது முன்னோர் அறிந்திருந்தனர். யார் எப்போது உட்காருவதென்ற கேள்வியோ, இன்னும் அடுக்களை வாசற்படியைத் தாண்டவில்லை.

2019-ல் மத்திய சர்க்கார் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷமும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிஷமும் செலவிட்டனர். 'ஈடுபடும் ஆண்கள்' என்ற சொற்களை நேயர்கள் கவனிக்க வேண்டும்: அவர்கள் நூற்றுக்கு 26 பேரே. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வோ, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்த சோகையுடையவர்களென்று கண்டது. அதற்குக் காரணங்கள் பல. எல்லாவற்றையும் பந்தியின் தலையில் சுமத்த நாம் முற்படவில்லை; ஆனால் மீந்ததை உண்பவளுக்கு முருங்கைக்காயே மிஞ்சுகிறதென்பதை நேரில் பார்த்தோம்.

சட்டம் படித்தவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை தோன்றும். 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23-வது பிரிவு, ஆண் வாரிசுகள் தங்கள் பாகத்தைப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை, குடும்பத்தார் வசிக்கும் வீட்டில் பெண் வாரிசு பாகம் கோரலாகாதென்று தடுத்திருந்தது. பந்தியின் சட்டமும் இதுவே: ஆண்கள் எழும்வரை காத்திரு. தமிழ்நாட்டில் 1989-ல் அமலுக்கு வந்த திருத்தம், அதற்குமுன் விவாகமாகாத மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே மகனுக்கு ஒப்பான பங்களித்தது. 2005-ல் பார்லிமெண்டு விவாகமான மகள்களுக்கும் அவ்வுரிமையை வழங்கி, 23-வது பிரிவையும் எடுத்துவிட்டது. மகள் பிறப்பாலேயே பங்காளி என்பதை 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. ரத்தான அந்தப் பிரிவு எங்கே போயிற்றென்று தேடுவோர் நமது வீட்டுக் கூடத்துக்கு வரலாம்.

இதை முதலில் எடுத்துச் சொன்னவள், சட்டக் கல்லூரியில் பயிலும் நம் தமக்கை மகள். "மாமா, இந்த வீட்டில் அம்மாவுக்குச் சமபாகம் உண்டு என்கிறீர்களே, அவள் பாகத்துக்கு அடுக்களை மட்டுந்தான் விழுந்ததா?" என்று கேட்டாள். கூடத்தில் வெகுநேரம் மோர் உறிஞ்சும் சப்தம் மட்டுமே கேட்டது.

அவள் அதோடு விடவில்லை. மறுநாள் சமைத்தவர்களே முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள், ஆண்கள் பரிமாறினார்கள். சாம்பாருக்கு முன்னால் ரசம் வந்தது. உப்புக்கு வைத்த இடத்தில் ஒருவர் சர்க்கரையை வைத்தார். புது மாப்பிள்ளை பாயசத்தில் ஒரு கரண்டியைத் தம் புது வேஷ்டிக்கே படைத்தார். எழுபது வயதான அத்தை, உட்கார்ந்து உண்ணும் பழக்கமின்றி, அப்பளம் கருகுகிறதென்று இரண்டு முறை எழுந்துவிட்டாள். இரண்டு முறையும் பிடித்து உட்கார்த்த வேண்டியிருந்தது. மூன்றாம் முறை எழவில்லை. இன்னும் கொஞ்சம் அவியல் கேட்டாள். இலைகள் எடுக்கப்பட்டு ஆண்களின் முறை வந்தபோது மணி இரண்டரை. பெரிய மாமா தூக்கின் மூடியைத் திறந்து நெடுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அதிரசம் ஒன்றுகூட இல்லை. அவருடைய டாக்டருக்கு இச்செய்தி பரம திருப்தி அளிக்கும்.